மாடி விளக்குக்கு ஓர் ஆள்

டில்லியில் இருக்கும் மகனிடம் ஒரு மாதம் தங்கப் போவதென்று முடிவானதும் என் வீட்டுக்காரர் முதலில் செய்த காரியம் ஸ்வெட்டர் தேடியது இல்லை. கீழே சமையலறையில் இருந்த கேஸ் சிலிண்டரை நைலான் கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டினார்.

சிரிக்காதீர்கள். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். முன்னொரு மழையில் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்தபோது எங்கள் காலி சிலிண்டர் மிதந்துபோய் சமையலறைக் கதவை டம்டம் என்று இடித்தது. அதிலிருந்து இவருக்கு மழைக்காலம் வந்தாலே கயிறும் கையுமாகத்தான் அலைச்சல்.

வெளியூருக்குப் போகிற வீடு என்றால் நான் எப்படிச் செய்வேன்? மெயினை அணை, தண்ணித் தொட்டியைக் காலி பண்ணு, மாவை ஒழித்துக்கட்டு, பூட்டு, பூட்டை இழுத்துப் பார், கிளம்பு. இவரோ கக்கூஸ் பீங்கானுக்குள் மணல் மூட்டையைத் திணித்தார். தெருவில் தண்ணீர் ஏறினால் முதலில் அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். ஃபிரிட்ஜை ஹாலோ பிளாக் மேல் ஏற்றினார். சரி, அதுவரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் ஆள் வைத்துக் கட்டிலை மாடிக்குக் கொண்டுபோனார். இன்வெர்ட்டரையும் மாடிக்கு மாற்றினார். மகன் வந்தால் தங்குவதற்கென்று மேலே ஒரு ரூம், பாத்ரூம், சின்ன அடுப்பு மேடை இருக்கிறது. வெளிப்பக்கமாகத் தனிப் படி. அரிசி, ரவை, சின்ன சிலிண்டர் எல்லாம் அங்கே போயிற்று. தொட்டியைக் காலி பண்ணாமல் நிரப்பி வேறு வைத்தார்.

"யாரு வந்து சாப்பிடப் போறா அங்க?" என்றேன்.

"கீழ எலி வரும்" என்றார். மனுஷன் பேசுவதே அவ்வளவுதான்.

எனக்கு இதையெல்லாம் நின்று பார்க்கப் பொறுமையே இல்லை. என் மனசு முழுக்கப் பக்கத்து வீட்டில் இருந்தது. பக்கத்து வீட்டம்மாவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், நிறைமாசம். அவர்கள் வீடு எங்களுடையதைவிடப் பள்ளம், மாடியும் கிடையாது. அந்தம்மாவின் வீட்டுக்காரர் தோல் வியாபாரம், பாதி நாள் ஆம்பூரில்தான் இருப்பார். கார்த்திகை முடிந்தும் மழை விடுவதாக இல்லை. நாங்கள் இல்லாத நேரத்தில் தண்ணீர் வந்தால் அந்தப் பொண்ணு எங்கே போவாள்?

"எங்க வீட்டுக்குத்தானே வருவாங்க" என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. சிலிண்டர் மிதந்த அதே மழையில் அந்தம்மா கட்டில் மேல் நாற்காலி போட்டு, அதன்மேல் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். நான் மாடியிலிருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டேன். "பரவாயில்லக்கா, வடிஞ்சிடும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாரே தவிர, வரவில்லை. அப்படி ஒரு ரோஷம். யாருக்கும் பாரமாக இருந்துவிடக் கூடாது. ஆனால் நமக்கு ஒரு வேலை என்றால் முதலில் ஓடி வருகிற ஆள் அவர்தான். நோன்புக் கஞ்சி முதல் தூக்கு எங்களுக்குத்தான் வரும்.

மனசு கேட்காமல் ஒருநாள் சாவியை எடுத்துக்கொண்டு நேராகப் போய்விட்டேன். "மழைன்னா யோசிக்காதீங்க, மாடியில போய் இருங்க" என்றேன்.

அந்தம்மா சாவியைத் தொடவே இல்லை. "ஆள் இல்லாத வீட்ல நாங்க போய் எப்படிக்கா இருக்கிறது? நாளைக்கு ஒண்ணு காணாமப் போச்சுன்னா எங்க பேருதானே அடிபடும்? அல்லா பாத்துப்பான், நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க."

எனக்கு வந்ததே கோபம்! "காணாமப் போனா போவட்டுமே, என் வூட்ல இன்னா கொட்டியா கெடக்குது?" என்று மெட்ராஸ்காரியாகவே மாறிக் கத்திவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரே பக்கத்து வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். இவர் என்னமோ தயங்கித் தயங்கி, கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

"ஒரு உதவிம்மா. வீடு இருட்டாக் கெடந்தா திருடன் மோப்பம் புடிச்சிடுவான். தினம் சாயங்காலம் மாடி லைட்டை மட்டும் போட முடியுமா?"

"இதுக்குப் போய் ஏன் அண்ணா இவ்ளோ தயங்குறீங்க?" என்று அந்தம்மா கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். நேற்று தொடாத அதே சாவி!

"போட்டதும் வந்துடாதீங்க. கொஞ்ச நேரம் உக்காந்திருங்க. ஆளு பொழங்குற சத்தம் கேட்கணும். டீ கூடப் போட்டுக் குடிங்க. பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க, மெதுவா நடந்தா நல்லதுதானே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அந்தப் பொண்ணை நினைத்துத் தவிக்கிறேன், இவருக்குத் திருடன் கவலை! நிறைமாசக்காரியைப் போய் வீட்டுக்குக் காவல் வைக்கிறார். மீனம்பாக்கம் ஏர்போர்ட் போகிறவரைக்கும் நான் அவரோடு பேசவில்லை.

டில்லியில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தபடி தினமும் போன் பண்ணுவேன். முதலில், "லைட்டு போட்டாச்சுக்கா" என்று மட்டும் வரும். அப்புறம், "உங்க மாடியில என்னா காத்துக்கா!" என்றார். அதற்கப்புறம், "பொண்ணு உங்க கட்டில்லயே தூங்கிட்டா, எழுப்ப மனசு வரல, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். இன்னொரு நாள் துணியை அங்கேயே காயப்போட்டதாகச் சொன்னார். அடுப்பில் டீ போய் உப்புமாவும் வந்துவிட்டது.

பிறகு அந்த மழை வந்தது. டிவியில் குரோம்பேட்டை, கீழ்க்கட்டளை என்று ஒவ்வொரு பேராக வர வர நான் போனைக் கையில் எடுத்தேன். போன் போகவே இல்லை. அடித்துக்கொண்டே இருந்தேன். என் வாயில் வராத சாமி இல்லை. இவர் மங்கி குல்லாய் போட்டுக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். உரித்தாரே ஒழிய, தோலைப் பாத்திரத்திலும் பட்டாணியைக் குப்பையிலும் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் போன் கிடைத்தது.

"எங்க வீட்ல கட்டிலு முங்கிடுச்சுக்கா. நாங்க மாடியிலதான் கீறோம். நேத்து லைட்டு போட ஏறினமா, மழை புடிச்சுக்கிச்சு, அப்படியே இருந்துட்டோம். பொண்ணு நல்லாருக்கா, கஞ்சி குடிச்சுகினு இருக்கா. கரண்ட் இல்ல, ஆனா உங்க லைட்டு எரியுது."

'வரலாமா' என்று கேட்கவில்லை, 'மன்னிச்சுக்குங்க' என்றும் சொல்லவில்லை. தினம் ஏறுகிற படியில் ஏறியதைப் போலச் சொல்கிறார். எனக்கு அப்போதுதான் கட்டில், இன்வெர்ட்டர், நிரப்பின தொட்டி, அரிசி, ரவை எல்லாம் வரிசையாகப் புரிந்தது. போனை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். இப்படி ஒரு மனுஷனோடா இத்தனை வருஷம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றிருந்தது. நல்ல வேளை, கட்டிக்கொண்டோமே என்றும் இருந்தது.

"எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உங்கிட்ட சொன்னா நீ அவங்ககிட்ட சொல்லிடுவ" என்றார். "அப்புறம் அவங்க படி ஏறுவாங்களா?"

நாங்கள் ஊர் திரும்பி, தண்ணீர்க் கறையெல்லாம் கழுவி முடித்தும் அந்தம்மா சாவியைத் திருப்பித் தரவில்லை, இவரும் கேட்கவில்லை. இப்போதும் சாயங்காலமானால், அந்த மழைக்குப் பின்னால் பிறந்த பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறுகிறார். சுவிட்சைப் போடுவது அந்தக் குழந்தைதான். போட்டுவிட்டுக் கீழே நிற்கிற என்னைப் பார்த்துக் கையைத் தட்டும்.

"உங்க வூட்டுக்காரருக்குத் திருட்டு பயம் ஜாஸ்திக்கா" என்று அந்தம்மா என்னிடம் அடிக்கடி சொல்வார். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டு, வாயை இறுக்க மூடிக்கொள்கிறேன்.