கடைசி ஆளின் விசில்

என் சாவிக் கொத்தில் ஒரு செம்மஞ்சள் பிளாஸ்டிக் விசில் தொங்குகிறது. வாய் வைக்கும் இடத்தில் பல் பதிந்த தழும்பு. பல் என்னுடையதல்ல, நான் வேலை செய்த டிப்போவின் மனேஜருடையது. மனிதர் போன வருடம் இறந்துபோனார்.

அவர் யூதர். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் யூதர்களின் நடைக் கழகம் ஒன்றை ஞாயிறுதோறும் காடு மேடெல்லாம் நடத்திக்கொண்டு போவார். சனி அவர்களுக்கு ஓய்வுநாள். நான் அங்கே போனது காற்று வாங்க அல்ல, கோபத்தில்.

ஒரு கோடையில், நாங்கள் குடியேறிய டூட்டிங்கிலிருந்து எங்கள் தமிழ்ச் சங்கம் கடற்கரைக்கு பஸ் விட்டது. வழியில் நிறுத்திய இடத்தில் எனக்கு வயிற்றுக் கோளாறு. கழிப்பறையிலிருந்து வெளியே வந்தால் பஸ்ஸைக் காணவில்லை. சங்கத் தலைவருக்கு போன் எடுத்தேன். "உனக்காக ஐம்பது பேர் நிக்கேலுமோ? எப்பிடியாவது வந்து சேர்," என்றார். பின்னால் பஸ்ஸே சிரித்தது கேட்டது. அதோடு விட்டாரா? பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்து அதையே பகிடியாகச் சொன்னார். என் மனைவியும் மகளும் முன்வரிசையில் இருந்தார்கள்.

மனேஜரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ஞாயிறு எங்களோடு வா. எங்களில் கடைசி ஆள் வந்து சேராமல் முதல் ஆள் நகர மாட்டான்," என்றார்.

முதல் ஞாயிறு கோழி ரோல் கட்டிக்கொண்டு போனேன். ஒருவரும் தொடவில்லை. இவர்களும் அப்படித்தான் என்று பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். மனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்து, தங்கள் மத முறைப்படி அறுத்த இறைச்சியை மட்டுமே தின்னலாம் என்ற அவர்களின் சட்டத்தை விளக்கினார். "வேண்டாமென்றது கோழியைத்தான், உன்னையல்ல." அடுத்த வாரம் மாம்பழம் கொண்டுபோனேன். முழங்கை வரை சாறு வழியத் தின்றார்கள். சில மாதத்தில் கடைசியாக நடக்கும் பொறுப்பும் இந்த விசிலும் எனக்கு வந்தன. யாராவது பின்தங்கினால் ஊத வேண்டும். எல்லோரும் நிற்பார்கள். பின்தங்கியவர் வந்து மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் மறுபடி நடை. கூலியில்லாத வேலை. ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை.

சில வருடம் கழித்து, எங்கள் சங்கத்தையும் ஒரு நாள் அழைக்கலாமா என்று மனேஜர் கேட்டார். அழையுங்கள் என்றேன். படம் எடுக்கிற இடத்துக்குத் தலைவர் வராமல் இருப்பாரா? எப்பிங் காட்டுக்குப் பளபளக்கும் தோல் சப்பாத்தோடு வந்தார். ஒரு மணி நேரத்தில் முழங்கால் மடங்கியது.

"தம்பி, நீங்கள் போங்கோ. நான் மெல்ல வாறன்."

"ஏலாது அண்ணை. நீங்கள் வராமல் ஒருத்தரும் அசையேலாது."

ஊதினேன். முன்னால் போன அத்தனை பேரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். பாதிப் பேர் சங்கத்து ஆட்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க அவர் நொண்டி வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கினார். நடை தொடங்கிக் கொஞ்சத் தூரத்தில் மறுபடி ஊதினேன். இப்படி ஆறு தடவை.

"தம்பி நல்ல மனுசன். விட்டிட்டுப் போகேல்லை," என்றார். என்னை அவருக்கு ஞாபகமே இல்லை. அதுதான் சுட்டது.

"உங்களுக்காக ஐம்பது பேர் நிக்கினம் அண்ணை," என்றேன். அப்போது ஞாபகம் வந்தது. முகத்தில் பார்த்தேன்.

நடை முடிந்ததும் மனேஜர் கேட்டார்: "ஆறு தடவை தேவைப்பட்டதா?"

"தேவைப்பட்டது."

விசிலைக் கழற்றி நீட்டினேன். பறிபோய்விட்டது என்றே நினைத்தேன். அவர் அதை வாங்காமல் என் விரல்களை அதன்மேல் மடக்கி மூடினார். "அடுத்த ஞாயிறும் நீதான் கடைசி."

அவரை அடக்கம் செய்யக் கொண்டுபோன அன்றும் நான்தான் கடைசியாக நடந்தேன். ஊதவில்லை. ஊதினால் நிற்கிற ஆள் முன்னால் போய்விட்டார்.

தலைவரை நான் மன்னிக்கவில்லை. டூட்டிங் சாப்பாட்டுக் கடையில் அவரைக் கண்டால் சாவிக் கொத்தை எடுத்து மேசைமேல் வைப்பேன், விசில் தெரிகிற மாதிரி.