விழச் சொல்லிக் கொடுத்தவர்

தெய்வசிகாமணி சார் ஆகாயத்திலிருந்து விழுந்து சாகவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், எங்கே போனாலும் ஒருத்தியாவது கேட்கிறாள், "பாராசூட்டு விரியலையாமே?" தை மாசத்தில் ஒரு காலை, வீட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நெஞ்சு நின்றுவிட்டது, அவ்வளவுதான். மூவாயிரத்துச் சொச்சம் தடவை விமானத்திலிருந்து குதித்த மனுஷன் நாற்காலியில் போனார் என்றால் ஊருக்கு ருசிக்கவில்லை.

பட்டாளத்தில் இருபத்துநாலு வருஷம் இருந்தவர். குதிக்கப் போய், குதிக்கச் சொல்லிக்கொடுக்கிறவரானார். அப்புறம் வடக்கே பாராசூட் பழக்கும் ஒரு தனியார் பள்ளியில், பணக்காரப் பிள்ளைகளை நெஞ்சோடு வார் போட்டுக் கட்டிக்கொண்டு குதித்தார். முழங்கால் தேய்ந்ததும் ஊருக்கு வந்து, வீட்டை ஒட்டிய இரண்டு ஏக்கரில் கரும்பு போட்டார். சாவுக்கு அந்தப் பிள்ளைகள் கார் கட்டிக்கொண்டு வந்தார்கள். அரைக்கால் சட்டை போட்ட ஒருத்தி என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் பேசியது ஒன்றும் புரியவில்லை. நானும் அழுதேன்.

என் வீட்டுக்காரர் அய்யனார் புளி உலுக்குகிறவர். மாசி, பங்குனியில் கல்வராயன் அடிவாரத்து மரங்களில்தான் அவருக்குக் குடித்தனம். ஆறு வருஷத்துக்கு முன் கிளை முறிந்து விழுந்ததில் இரண்டு மணிக்கட்டும் உடைந்தன. மூன்று மாசம் நான்தான் சோறு ஊட்டினேன். மாவுக்கட்டோடு தெருவில் போனவரை சார் நிறுத்திக் கேட்டார்.

"கைய ஊனியா வுழுந்த?"

"ஆமா சார். வேற இன்னா பண்றது?"

"கை சோறு துன்றதுக்குடா. வுழறதுக்குக் கால் இருக்குது. வா, கத்துக் குடுக்கறேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஏறாதன்னு சொல்லுங்க சார். அத்த வுட்டுட்டு வுழக் கத்துக் குடுக்குறேன்றீங்களே!"

"ஏறலன்னா சோத்துக்கு இன்னா பண்ணுவீங்கம்மா?" என்றார்.

அவர் வயலில் ஓர் ஆள் உயரத்துக்குத் தளம் போட்ட மோட்டார் கொட்டாய் ஒன்று உண்டு. அதன் அடியில் காய்ந்த கரும்பு இலைச் சோகையைக் குவித்து, மேலிருந்து குதிக்கச் சொன்னார். இரண்டு காலும் முட்டியும் ஒட்டியிருக்க வேண்டும். தாடை நெஞ்சில், கை மாரில். தரை பட்டதும் கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகு என்று உருள வேண்டும். தெருவில் புளி உலுக்குகிற ஏழு பேரும் வந்து நின்றார்கள். சார் மனைவி கமலாக்கா மோர்ச் சொம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். யார் குதித்தாலும் பார்க்க மாட்டாள். "கல்யாணம் ஆனதுலேருந்து பாக்காமயே பழகிட்டேன்" என்பாள்.

ஆனால் சார் மரம் ஏற மாட்டார். ஆள் மேலே ஏறினாலே இவருக்குக் கீழே கிறுகிறுக்கும். "வானத்துலேருந்து குதிச்சவருக்கு மரத்தப் பாத்தா பயமா?" என்று கேலி பண்ணினேன்.

"மரத்துல பாராசூட்டு விரியாதும்மா" என்றார்.

மூன்று தடவை கொட்டாயிலிருந்து குதிக்காமல் எவனும் அன்றைக்கு மரத்தில் கால் வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். இந்த ஆறு வருஷத்தில் அய்யனார் இரண்டு தடவை விழுந்தார். இரண்டு தடவையும் நடந்தே வீட்டுக்கு வந்தார்.

மாசி வந்தது. அய்யனார் துறட்டியை எடுத்துக்கொண்டு நேரே மரத்துக்குப் போனார். குதித்துவிட்டு ஏறச் சொன்னேன்.

"சாரே பூட்டாரு. யாருக்காவ குதிக்கறது?"

நாலு நாள் இதே சண்டை. அவர் உலுக்கிய புளியை நான் கீழே பொறுக்கக் குனிந்தால் கழுத்து தானாக மேலே திரும்புகிறது. கூடையில் பாதி சருகு. கிளை கிறீச்சென்றால் கூடையை விட்டுவிட்டு எழுந்து நிற்கிறேன். வீட்டில் உலை வைத்தால் மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறேன். கத்தவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. விழக் கற்றவன் மறந்துவிட்டால் கற்காதவனைவிட மோசம். தைரியம் மட்டும்தான் மிச்சமிருக்கும்.

ஐந்தாம் நாள் சார் வயலில் இருக்கும் மரம். ஏழு பேரும் கொட்டாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்! கூடையைப் போட்டேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டாய்மேல் ஏறினேன். ஆறு வருஷமாகப் பார்த்ததுதான், ஒரு நாளும் குதித்ததில்லை. கீழேயிருந்து ஓர் ஆள் உயரமாகத் தெரிந்தது, மேலேயிருந்து பனை உயரமாக இருந்தது.

"ஏய், எறங்குடி!" அய்யனார் ஓடிவந்தார்.

"கீழ நிக்கறவளுக்கு எப்பிடி இருக்கும்னு நீயும் பாருய்யா!" என்று கத்திவிட்டுக் குதித்தேன்.

சோகை பழசு, இறுகிக் கிடந்தது. இடுப்பில் சுரீரென்றது. கையை மட்டும் ஊன்றவில்லை. படுத்தபடியே அழுதேன். அந்த மனுஷன் இல்லாமல் எனக்குப் பயமாக இருந்தது.

அய்யனார் தூக்க வந்தார். அதற்குள் வீட்டுப் பக்கமிருந்து குரல் கேட்டது. சார் போனதிலிருந்து வெளியே வராத கமலாக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் குதித்ததைப் பார்த்திருக்கிறாள்.

"கால் சேரல எழிலு. மறுபடி ஏறு."

பிறகு அய்யனாரைப் பார்த்தாள். "நீ அவ பின்னால நில்லு. எல்லாரும்தான். மூணு தபா."

ஏழு பேரும் துறட்டியைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் மறுபடி ஏறினேன்.