நாலாவது வயர்

கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது என் நாத்தனார் மருமகனுக்கு நடந்தது. அவனுக்குப் பொய் வராது. சொன்னால் காது இரண்டும் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சொன்ன அன்று அவன் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுத்துப்போய்த்தான் இருந்தது.

அவன் எலக்ட்ரீஷியன். கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘சந்தேகம்’. மெயினை அணைத்த பிறகும் மூன்று தடவை டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு வயரைத் தொடமாட்டான். அப்படிப்பட்ட ஆள்.

புது வீட்டுக்குக் குடி வந்து எட்டு நாள். அவர்களுக்குத்தான் புதுசு, வீடு அரதப் பழசு. பின்பக்கம் ஒரு சாமான் அறை. ஜன்னல் கிடையாது. உள்பக்கமாகத் திறக்கிற இரும்புக் கதவு. மேலே பலகை அடித்த கூரை. கதவை ஒட்டி ஒரு விளக்கு தாழத் தொங்கியது. உள்ளே கொண்டுபோன பீரோ அதில் இடித்தது. மனைவிக்கு அப்போது ஏழு மாதம்.

“அந்த லைட்டைக் கழட்டிடுங்களேன். ஊருக்கெல்லாம் ஓடி ஓடி செய்யறீங்க, சொந்த வீடுன்னா மட்டும் நாளைக்கு, நாளைக்கு.”

“இப்பவே கழட்டறேன் தாயே. ஆளை விடு.”

சரியாகப் பகல் மூன்று பத்து. மெயினை அணைத்தான். பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். அறை ரொம்பக் குறுகல். கதவைச் சாத்தினால்தான் மர ஏணியை விரிக்கவே முடியும். சாத்தினான். ஏணிக் கால் கதவை அணைத்து நின்றது. நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு ஏறினான்.

விளக்கைத் தளர்த்தினான். உள்ளே மூன்று வயர் இருக்க வேண்டும். கரண்ட் வருவது ஒன்று, அடுத்த அறை விளக்குக்குப் போவது ஒன்று, சுவிட்சுக்கு இறங்குவது ஒன்று. வருவதையும் போவதையும் கனெக்டரில் சேர்த்து முடுக்கி, சுவிட்ச் வயரின் நுனியை மூடிவிட்டால் தீர்ந்தது. பத்து நிமிட வேலை.

நாலு வயர் இருந்தது.

மூன்றில் டெஸ்டர் வைத்தான். செத்துக் கிடந்தன. நாலாவதில் வைத்தான். சிவப்பாக எரிந்தது.

“ஏய், மெயினைப் போட்டியா?”

“சாவி உங்க பையில! நான் எப்படிப் போடுவேன்? ஃபேன் இல்லாம இங்க வெந்துக்கிட்டிருக்கேன்!”

பக்கத்து வீட்டிலிருந்து யாரோ இழுத்த வயராக இருக்கும். அப்படித்தான் நினைத்தான். விளக்கை முழுசாகக் கழற்றி ஏணிப் படியில் மாட்டினான். நாலாவதன் நுனிக்கு டேப் சுற்றினான். மற்ற மூன்றையும் ஒழுங்காக முடித்தான்.

மூன்று இருபத்தாறு. பலகைக்கு மேலே ஒரு சத்தம்.

ம்ம்ம்ம்...

வாயை மூடிக்கொண்டு முனகுவது போல.

இறங்கலாம் என்று காலை எடுத்தான். சட்டைப் பையில் சிவப்பாக என்னவோ தெரிந்தது. டெஸ்டர். பைக்குள் இருந்தபடியே... எரிந்துகொண்டிருந்தது.

எடுத்துச் சுவரில் வைத்தான். எரிந்தது.

இரும்புக் கதவில் வைத்தான். இன்னும் பளிச்சென்று எரிந்தது.

அறை முழுக்கக் கரண்ட். மர ஏணி ஒன்றுதான் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. தரையில் கால் வைக்க முடியாது. ஏணியை எடுக்காமல் கதவு திறக்காது.

வெளியே செருப்புச் சத்தம். சரக்... சரக்...

“தண்ணி கொண்டாந்திருக்கேன். கதவைத் தள்ளட்டுமா?”

“தொடாதே! கதவைத் தொடாதே!”

ம்ம்ம்ம்ம்ம்... சத்தம் ஏறியது.

“என்னங்க, பேச்சையே காணோம்? இருங்க, வரேன்.”

ஈரக் கை. இரும்புக் கதவு. வயிற்றில் பிள்ளை.

கழற்றியதால் வந்தது... மாட்டினால்?

இடுக்கியால் டேப்பைப் பிய்த்தான். நாலாவது வயரை விளக்கில் திணித்தான்.

விளக்கு எரிந்தது.

முனகல் நின்றது.

டெஸ்டர் அணைந்தது.

டொக். கதவு ஏணிக் காலில் இடித்தது.

“ஏணியை எடுங்க. ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? கத்திக் கத்திக் கூப்பிடறேன், வாயே திறக்கல நீங்க.” சந்து வழியே அண்ணாந்து பார்த்தாள். “ஓ, கரண்ட் வந்துடுச்சா?”

வரவில்லை. சாவி அவன் பையில்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். மறுநாள் காலை பத்தே கால் மணிக்குக் கூட்டாளியை அழைத்துவந்தான். இரண்டு பேருமாகக் கூரையில் ஒரு பலகையைப் பெயர்த்தார்கள். விளக்கு அதுவரை அணையவில்லை.

கூட்டாளி டார்ச் அடித்துப் பார்த்தான்.

“டேய் சந்தேகம்... இது எங்கேயும் போகலடா.”

நாலாவது வயர் ஒரு முழம்தான் இருந்தது. அதற்கப்புறம் வெட்டிய நுனி. எதிலும் சேரவில்லை.

பலகை மேல் பல வருஷத் தூசி. அந்த நுனியை ஒட்டி மட்டும் தூசியே இல்லை. ஒரு ஆள் குப்புறப் படுத்துக் கையை நீட்டினால் எவ்வளவு இடம் வேண்டுமோ, அவ்வளவு இடம்.

பலகைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே இருந்த உயரம், ஒரு சாண்கூட இல்லை.