காம்பை விட்டுப் பறித்த பூ

பவளம் அக்கா போய்விட்டார் என்ற செய்தி அலுவலக வட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று இரண்டு வரி. எனக்கு முதலில் வந்த நினைப்பை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். என் கடிதத்தை அக்கா மேலதிகாரியிடம் கொடுத்தாரா, இல்லையா?

அது நான் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்த கடிதம்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அக்காவின் தம்பி கேட்டிருந்தார். மலர் அச்சாகி எல்லோர் கைக்கும் போய்விட்டது. நான் பிந்தித்தான் எழுதுகிறேன். அவரோடு வேலை செய்தவர்களுக்கும், துணுக்காய்ப் பக்கத்து மாதர் சங்கங்களில் அவரோடு பழகியவர்களுக்கும் இது.

அக்காவும் நானும் ஒரே அறையில் இருந்த அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். என்னைவிடப் பதினைந்து வயது மூப்பு, ஆனால் இருவருக்கும் ஒரே பதவி, ஒரே மாதிரிப் பழைய மேசை. வியாழக்கிழமைகளில் துணுக்காய்ச் சங்கக் கூட்டங்கள் அவருடைய பொறுப்பு; சிலவேளை நானும் கூடப் போவேன். வட்டக்கச்சியில் தனியாக இருந்தார். அவருடைய முன்னறை யன்னலில் ஒரு சாடியும், அதிலிருந்து யன்னல் கம்பி முழுவதும் படர்ந்த ஒரு கொடியும் இருந்தன. தடித்த இலை. பூக்கள் கொத்தாகத் தொங்கும். ஒவ்வொன்றும் மெழுகில் வார்த்த சின்ன நட்சத்திரம் மாதிரி. மெழுகுப்பூ என்றுதான் நாங்கள் சொல்வோம்.

ஒருமுறை அலுவலக வாகனத்தில் அவரை இறக்கிவிடப் போனபோது சாரதி யன்னலைப் பார்த்துவிட்டுக் கேட்டார், வன்னியில் மரம் நட இடமில்லையென்றா வீட்டுக்குள் வைத்திருக்கிறீர்கள் என்று. வெளியில் வைத்தால் சோளகக் காற்று ஒரு கிழமையில் கருக்கிப்போடும், மிச்சத்தை ஆடு பார்த்துக்கொள்ளும் என்றார் அக்கா. பிறகு கொஞ்சம் யோசித்து, "இடம்பெயரேக்கை காணியைத் தூக்கிக்கொண்டு ஓடேலாது தம்பி. சாடியைத் தூக்கலாம்," என்றார். முதலில் சிரித்ததும் அவர்தான்.

நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்த நாளில், அந்தக் கொடியில் ஒரு துண்டை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார். நான் எதையும் சும்மா விடுகிற ஆள் இல்லை. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். இலை மஞ்சளாகியது. படம் எடுத்துக் காட்டினேன். "நிரோ, இது தவிச்சுச் சாகாது. நீர் குடுக்கிற தண்ணியிலதான் சாகும்," என்றார். மண் நன்றாகக் காய்ந்து, இலை இலேசாகச் சுருங்கும்வரை பொறுக்கச் சொன்னார். பெரிய சாடிக்கு மாற்றினேன். அதற்கும் ஏச்சு. வேர் நெருக்கமாக இருந்தால்தான் பூக்குமாம். "இது என்ன கலியாண வீட்டுப் பந்தலே, அகலம் பாக்க?"

மகளுக்கு இரண்டு வயதாகும்போது கொடி முதல்முறை பூத்தது. அதே கிழமைதான் அவளுக்குக் காய்ச்சல் வலிப்பு வந்தது. நான் துணுக்காயில் ஒரு சங்கக் கூட்டத்தில் இருந்தேன், கைபேசியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு. வீட்டில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த என் மாமி தனியாக அவளைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஓடியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை கண் விழித்துப் படுத்திருந்தாள். இந்த வயதில் சில பிள்ளைகளுக்கு வருவதுதான், வளர வளர நின்றுவிடும் என்று டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கியது. ஆனால் அவளை விட்டு வாசலைத் தாண்ட என் கால்கள் அதற்குப் பிறகு மறுத்துவிட்டன.

வீட்டுக்கு வந்த அன்று அந்த முதற் கொத்தைக் காம்போடு வெட்டிப் பிள்ளையார் படத்துக்கு வைத்தேன். எங்கள் வீடுகளில் முதற்பூ சாமிக்குத்தான். காம்பில்லாமல் வைத்தால் பூ நிற்காது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தோடம்பழத்தோடு வந்தார். பிள்ளையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். யன்னலுக்குப் போய்க் கொடியையும் பார்த்தார்.

"சாமிக்கு வைச்சது பிழை இல்லை. காம்போட வைச்சதுதான் பிழை."

இந்தக் கொடியில் பூ உதிர்ந்தபின் மொட்டையாக நிற்கும் அந்தக் காம்பின் நுனியிலிருந்துதான் அடுத்தமுறையும் பூ வருமாம். அதை வெட்டினால் புதுக்காம்பு வரும்வரை வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும். நான் அழத் தொடங்கிவிட்டேன். பூவுக்காக மட்டும் இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்து, தானும் இதே பிழையை அம்மன் படத்துக்காகச் செய்ததையும், இரண்டு வருடம் ஒன்றும் பூக்காமல் இருந்ததையும் சொன்னார். பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"படத்தைக் கழட்டிக்கொண்டு வந்து கொடிக்குக் கீழ கொழுவினன். பூவைச் சாமியிட்டைக் கொண்டு போகேலாட்டி, சாமியைப் பூவிட்டைக் கொண்டு வாறதுதானே."

குசினியிலிருந்து மாமி, "அம்மனுக்கே இடமாற்றம் குடுத்த ஆள்," என்றார்.

அன்றுதான் கடிதத்தைக் கொடுத்தேன். அக்கா வாசித்தார். ஒரு எழுத்துப்பிழையைப் பேனையால் திருத்தினார். மடித்துக் கைப்பையில் வைத்து, திங்கட்கிழமை கொடுப்பதாகச் சொன்னார். அந்தத் திங்கள் மேலதிகாரி சேர் கூட்டத்துக்குப் போய்விட்டாராம். அடுத்த திங்கள் கடிதத்தில் திகதி பிழையாம். மூன்றாவது திங்கள், லீவில் வீட்டிலிருந்த நான் கோபத்தோடு தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளையை விட்டிட்டு வரேலாதெண்டால் பிள்ளையோட வாரும்," என்றார். "கூட்டத்துக்கு வாற பொம்பிளையள் பிள்ளையளை எங்கை விட்டிட்டு வருகினம்?"

"அங்கை வைச்சு வலிப்பு வந்தால்?"

"வந்தால் அங்கை இருவது தாய்மார் இருக்கினம். உம்மட வீட்டில மாமி ஒராள்."

நான் தொடர்பைத் துண்டித்தேன். அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது. நான்காம் நாள் அவர் இல்லை.

செத்தவீட்டுக்கு மகளையும் தூக்கிக்கொண்டு போனேன். யன்னலில் கொடி பூத்து நிறைந்து நின்றது. அக்கா ஆசையாக வளர்த்த பூ, அவர்மேல் வைக்கவேண்டும் என்று உறவுக்காரப் பெண் ஒருவர் கத்தரிக்கோலோடு போனார். அந்த வீட்டில் நான் உறவுக்காரி இல்லை. இருந்தும் போய் அவர் கையைப் பிடித்தேன். "கொஞ்சம் பொறுங்கோ, நான் பிடுங்கித் தாறன்." மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொத்துக் கொத்தாகக் காம்புகளை அப்படியே விட்டு, பூக்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நேரம் எடுத்தது. யாரோ அவசரப்படுத்தினார்கள். நான் அவசரப்படவில்லை. ஒரு தட்டு நிறைந்தது. அவருடைய கைகளின்மேல் பரப்பினோம்.

அடுத்த கிழமை எங்கள் அலுவலகத்து இளம் எழுதுவினைஞர் றிஸ்வியா தொலைபேசி எடுத்தாள். அக்காவின் மேசையை ஒதுக்குகிறாளாம், ஒரு கோவைக்குள் என் கடிதம் இருக்கிறதாம்.

"சேரிட்டக் குடுக்கட்டே, மிஸ்?"

மகள் என் காலடியில் செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம், நீரே கிழிச்சுப் போடும்," என்றேன். "துணுக்காய்ச் சங்கங்கள் இனி ஆருக்கு?"

இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை என்றாள். என் பெயரைச் சேரிடம் சொல்லச் சொன்னேன்.

போன வியாழக்கிழமை முதற்கூட்டம். வெப்பமானி, காய்ச்சல் பாணி மருந்து, மாற்றுடுப்பு எல்லாம் ஒரு பையில். பஸ்ஸில் அவளுடைய நெற்றியைத் தொட்டுத் தொட்டே போனேன். பயம் போய்விட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். அது என்னோடு அதே ஆசனத்தில்தான் வந்தது. கூட்டத்தில் அக்காவுக்காக எழுந்து நின்றோம். உட்கார்ந்தபோது, ஒரு பெண் என்னைக் கேட்காமலே மகளைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவள் அவருடைய காப்பை இழுத்து விளையாடத் தொடங்கினாள். நான் அறிக்கை வாசித்தேன். வாசித்து முடித்த பிறகுதான், இவ்வளவு நேரமும் அவளைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

என் வீட்டுக் கொடி இன்னும் மறுபடி பூக்கவில்லை. அது பூக்கிற நேரம் பூக்கட்டும். அக்காவிடமிருந்து நான் எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய வியாழக்கிழமைகளை.

புறப்படும்போது மகளை மடியில் வைத்திருந்தவர் கேட்டார், "அடுத்த முறையும் நீங்களோ, வேற ஆரும் வருவினமோ?"

"நான்தான்," என்றேன். "இவளும் வருவாள்."