தலையணைமேல் கற்ற மசாஜ்

மசாஜ் தொழிலில் கைதான் வேலை செய்ய வேண்டும், வாய் சும்மா இருக்க வேண்டும். எங்களுக்குப் பாடம் நடத்த வருகிறவர்களுக்கு மட்டும் இது நேர்மாறு. உலகச் சண்டை ஓய்ந்த மறு வருஷம், ஒன்பது வருஷமாகப் பெண்கள் வார்டில் கை கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த என்னை, "முறையாகத் தொட்டுக் கற்றுக்கொண்டு வா" என்று ஆஸ்பத்திரி ஆறு வாரம் தியாகராய நகருக்கு அனுப்பியது. உங்கள் ஆபீசும் உங்களை இப்படி எங்கேயாவது அனுப்பியிருந்தால், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள்.

ஆறு வாரம் பொறு

கண்ணம்மா லஸ் பக்கத்துக் காபி கிளப் ஒன்றில் இட்லிக்கு மாவாட்டுகிறவள். குடிசை அடையாற்றங்கரையில். வலது தோள் இறுகிப்போய், கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டை போட முடியாமல் என்னிடம் வந்தாள். இடது கையால் ஆட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்குள் வலது கை வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் தினமும் வெந்நீர்த் துணியால் ஒற்றடம் கொடுத்து, தோளைப் பிடித்துவிட்டு, சுவரில் விரல்களாலேயே மெல்ல மெல்ல ஏறச் சொல்வேன். எட்டின இடத்தில் ஒரு கரிக்கோடு போடுவேன். வாரத்துக்கு ஒரு விரற்கடை கோடு ஏறிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் உத்தரவு வந்தது. வெந்நீரும் சுவரும் உன் வீட்டிலேயே இருக்கின்றன, விடாமல் செய் என்று நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சீமை முறையைக் கற்கப் போகிற மிதப்பில், "இதெல்லாம் பழைய முறை. நான் வரும்வரை கையை அசைக்காமல் வைத்திரு. வந்து ஒரே வாரத்தில் சரி பண்ணிவிடுகிறேன்" என்றேன். அவள் சிரித்தாள்.

"போய்ட்டு வாம்மா. ஆறு வாரந்தானே, தோளு எங்க ஓடிடப் போவுது?"

பஞ்சு நோயாளி

பனகல் பார்க் அருகே ஒரு பங்களா மாடியில் வகுப்பு. பத்து ஆண்கள், இரண்டு பெண்கள். எல்லாருமே ஏற்கெனவே தொழிலில் இருக்கிறவர்கள். ஆசிரியர் சீமையில் படித்தவர். எந்த ஊரில், எந்தப் பள்ளியில் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புரொபசர் என்று கூப்பிடச் சொன்னார், கூப்பிட்டோம்.

ஆண்களுக்குச் செய்து காட்ட ஆண்கள் இருந்தார்கள். பெண்களைத் தொட்டுக் கற்பிப்பது மரியாதையல்ல என்று, எங்கள் இருவருக்காகக் கீழ் வீட்டிலிருந்து ஒரு நீள உருட்டுத் தலையணையை வரவழைத்தார். அதன் ஒரு முனை தோளாம், மறுமுனை இடுப்பாம். நடுவே சாக்பீஸால் முதுகெலும்பு வரைந்தார். இங்கே மூட்டு, இங்கே இறுக்கம், இப்படி இழுத்து இப்படித் திருக வேண்டும் என்று அரைமணி நேரம் அதைப் போட்டுப் புரட்டினார். இலவம்பஞ்சு வேறென்ன செய்யும், குழைந்தது. புரொபசர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"கவனிச்சீங்களா, இறுக்கம் எப்படி விட்டுது பாருங்க."

அலமேலுவின் தோள்

அந்த இன்னொரு பெண் அலமேலு. மயிலாப்பூர் மாட வீதிக்காரி, வேறோர் ஆஸ்பத்திரியில் என்னைப் போலவே வேலை. ஆண்களை நாங்கள் தொடக் கூடாது, ஆகவே ஆறு வாரமும் அவளுக்கு நான், எனக்கு அவள். உலகத்தில் எத்தனையோ விதமான தோள்கள் இருக்க, நான் கற்றது அலமேலுவின் தோள் ஒன்றைத்தான்.

அதுவும் எப்பேர்ப்பட்ட தோள். அவள் கட்டைவிரலை மடக்கினால் மணிக்கட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். உடம்பில் ஒரு மூட்டாவது இறுகியிருக்க வேண்டுமே, கிடையாது. புரொபசர் நம்பர் போட்டுக் கற்பித்த பதினாறு பிடிகளில், ஏழாம் பிடியில் கையைத் தூக்கி, கடைசியில் வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். நான் தூக்கியதுமே அவள் கை காதைத் தாண்டித் தானாகப் போயிற்று. புரொபசர் நாலு முழம் தள்ளி நின்று, பிரம்பை நீட்டி, பிரமாதம் என்றார். நானும் நம்பினேன். என் விரல்களில் ஏதோ வரம் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். அலமேலு எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"நேக்குச் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். இதுல நீங்க ஒண்ணும் பண்ணலை."

பரம சுகம்

ஆண்கள் பக்கம் வேறு கூத்து. ஒருவர் படுக்க வேண்டும், ஒருவர் பிடிக்க வேண்டும். எப்படி இருக்கிறது என்று புரொபசர் கேட்பார். பதில் எப்போதும் சுகம் என்பதுதான். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கால்மணி நேரத்தில் முறை மாறும்போது உன் கழுத்து அவன் கையில். ஆகவே பத்துப் பேரும் கூடிப் பேசாமலே ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். தன் கை எவ்வளவு மோசமான கை என்பதை அந்த ஆறு வாரத்தில் ஒருவரும் தெரிந்துகொள்ளவில்லை.

கோவிந்தசாமி என்று ஒருவர், வடபழனியில் பயில்வான்களுக்கு உடம்பு பிடிக்கிறவர். ஒருநாள் அவருடைய ஜோடி அவர் கழுத்தைத் திருப்பியதில் அது ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, அங்கேயே நின்றுவிட்டது. மூன்று நாள் எங்களோடு பேச வேண்டுமானால் மனிதர் முழு உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது. புரொபசர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். கோவிந்தசாமி ஜன்னலைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"பரம சுகமா கீது சார். இப்ப அவரு படுக்கட்டும்."

பன்னிரண்டு பேர் இருந்தும்

நாலாம் வாரம் கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்த புரொபசர் நிமிரவில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு தொழில்காரர்கள் ஒரே அறையில் இருக்கையில் இப்படி ஆவது எத்தனை பாக்கியம். ஆண்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நெருங்கினார்கள். கோவிந்தசாமி, அது மூன்றாம் பிடி போட வேண்டிய கேஸ் என்றார். இன்னொருவர் பதினோராம் பிடி என்றார். தரையைப் பார்த்தபடி இருந்த புரொபசர் அந்த இரண்டு நம்பரையும் கேட்டார். ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

"யாரும் என்னைத் தொடாதீங்க. கீழே போய், வீட்டுல ஏதாவது தைலம் இருக்கான்னு கேளுங்க."

பரீட்சை

கடைசி நாள் பரீட்சை. பதினாறு பிடிகளின் பெயரையும் வரிசை மாறாமல் எழுத வேண்டும். அதன் பிறகு செய்முறை. அதற்குத் தோள் வேண்டும், முதுகு வேண்டும். ஆனால் நேரம் போதாது என்று ஆண் பெண் அத்தனை பேருக்கும் அந்தத் தலையணையையே கொடுத்தார்கள். கோவிந்தசாமி திருகியதில் அதன் தையல் பிரிந்து பஞ்சு வெளியே வந்தது. அவரும் தேறினார். பன்னிரண்டு பேரும் தேறினோம். சர்டிபிகேட்டைச் சுருட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது அலமேலு என் காதருகே சொன்னாள்.

"தலகாணி வாயைத் தொறந்து வலிக்கறதுன்னு சொல்லப்போறதா என்ன? அதான் எல்லாரும் பாஸ்."

படித்த கை

திங்கட்கிழமை நான் போகும் முன்பே கண்ணம்மா மசாஜ் அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். சொன்னபடி ஆறு வாரமும் வலது கையை முந்தானையால் கட்டிவைத்திருந்தாள். அதைப் பார்த்ததுமே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அவளைப் படுக்க வைத்து ஏழாம் பிடி போட்டேன். கை தோள் மட்டத்துக்குக்கூட எழவில்லை. அலமேலுவுக்குப் போனது இவளுக்கு ஏன் போகாது என்ற வீம்பில், கடைசி இழுப்பையும் இழுத்தேன். அவள் போட்ட கூச்சலில் வார்டு முழுவதும் எட்டிப் பார்த்தது.

சுவரருகே நிறுத்திப் பார்த்தேன். பழைய கோட்டுக்கு நாலு விரற்கடை கீழேயே விரல்கள் நின்றுவிட்டன. ஒவ்வொரு கோடும் நானே போட்டது, எவனையும் குற்றம் சொல்ல வழியில்லை. தீபாவளிக்கு இருபது நாள்தான் இருந்தது. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. அப்போதும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, எட்டாம் பிடி என்று ஒன்று இருக்கிறது என்று ஏதோ உளறினேன். கண்ணம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் வாணாம்மா. முன்ன ஒரு கை வச்சிருந்தியே, படிக்காத கை, அத்தக் கொண்டா."

முனியம்மா

தீபாவளி வந்தது. காபி கிளப்பில் முனியம்மா என்று வேறொருத்தியை வைத்துக்கொண்டார்கள். கண்ணம்மா ஆஸ்பத்திரிக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. மறுபடியும் வெந்நீர், மறுபடியும் சுவர். மாசி மாதத்தில் ஒருநாள் என் மேஜை எதிரே நின்று, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் தானே கொண்டை போட்டுக்கொண்டாள். தோள் வந்தது, வேலை வரவில்லை. இப்போது மாட வீதியில் கீரை விற்கிறாள். என்னைக் கண்டால் நின்று பேசுகிறாள், நான்தான் கூசிப்போகிறேன்.

போன மாதம் முனியம்மா வந்தாள். இரண்டு வருஷம் மாவாட்டியதில் அவளுக்கும் அதே வலது தோள். யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன். கண்ணம்மாதான் என்றாள். தன் வேலைக்கு வந்தவளை, அந்த வேலை போகக் காரணமான என்னிடமே அனுப்பியிருக்கிறாள். என்ன சொல்லி அனுப்பினாள் என்று கேட்டேன். முனியம்மா எதையும் மறைக்கவில்லை.

"கையி நல்ல கையி, நம்பிப் போ. ஆனா எங்கனா படிக்கப் போவுதான்னு மட்டும் மொதல்ல கேட்டுக்கோன்னு சொல்லிச்சு."

எங்கும் போகவில்லை என்று என் ஜெபமாலையைத் தொட்டுச் சத்தியம் செய்த பிறகே முனியம்மா கையை நீட்டினாள். ஒன்பது வருஷ அனுபவத்தோடு ஆறு வாரப் படிப்பையும் சேர்த்துக்கொண்டவளுக்கு ஊரில் மிஞ்சியிருக்கும் மரியாதை இவ்வளவுதான்.