தம்பி என் நெஞ்சில் வைத்த கை

நான்கு வருடங்களுக்கு முன், சம்பா அறுவடை முடிந்த சமயம். ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊரில் அம்மாவின் கருமாதி அன்று நடந்தது இது.

முதலில் என் வீரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபேன் சத்தம் கொஞ்சம் மாறினாலே இன்றோடு நம் கதை முடிந்தது என்று நினைக்கிற ஐம்பது வயது ஆள் நான். சின்ன வயதில் இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். தம்பி பின்னாலேயே ஊர்ந்து வந்து என் நெஞ்சில் உள்ளங்கையை வைப்பான். துடிப்பு அடங்கும்வரை எடுக்கமாட்டான். அவனுக்கு டவுன் சிண்ட்ரோம். எங்கள் வீட்டில் இடிக்குப் பயப்படாத ஒரே ஆள் அவன்தான்.

அம்மா போனபிறகு அவன் யாரிடம் இருப்பது? தஞ்சாவூரில் இருக்கும் என்னிடமா, மன்னார்குடியில் படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடமா? பதினாறு நாளும் நான் துக்கத்தோடு, சாக்குச் சொல்ல ஒத்திகையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடி வீடு, செங்குத்தான படி, நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். படிகளை எண்ணிக்கூட வைத்திருந்தேன், இருபத்தெட்டு.

தாய்மாமன் என் தலையிலும் தம்பி தலையிலும் புதுத்துண்டால் உருமா கட்டினார். சாப்பாடு முடிந்ததும், யாரும் எதிர்பார்க்காமல், தம்பியையே கேட்டுவிட்டார்.

"யாரு வீட்ல இருக்கப் போற மாப்ள?"

தம்பி தன் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். இருபத்தெட்டுப் படியும் எனக்கு மறந்துபோயிற்று. அக்கா பேரைச் சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கும்பிட்டேன். முகத்தில் மட்டும் பாசமுள்ள அண்ணனின் சிரிப்பு.

அவன் என் நெஞ்சில் கையை வைத்தான். உள்ளே கதிரடிக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணனுக்கு நெஞ்சு அடிக்குது மாமா. நா அக்கா வீட்டுக்குப் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பெரிதாகச் சிரித்தது நான்தான். அக்கா மட்டும் சிரிக்காமல் அவன் பையை வாங்கிக்கொண்டாள்.

சொன்ன பிறகும் அவன் கையை எடுக்கவில்லை. என் துடிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. அடங்கிய பிறகுதான், எப்போதும் போல, எடுத்தான்.

இப்போது அக்காவின் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டுவதே அவன்தான். மாதம் ஒருமுறை போகிறேன். பார்த்ததும் என் நெஞ்சை நோக்கிக் கையை நீட்டுவான். நான் அதில் அவசரமாக மிட்டாய்ப் பெட்டியை வைத்துவிடுவேன். அன்று எந்தச் சொல்லைக் கேட்டு என் பயம் தீர்ந்தது என்று தெரிந்துவைத்திருக்கும் அந்தக் கைக்கு, நெஞ்சைக் காட்ட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.