போடுவதும் எறிவதும்

கனடாவில் எங்கள் பேஸ்போல் லீக் இரண்டு கோடைகள் மட்டுமே உயிரோடு இருந்தது. அதில் நான்கு அணிகள். வெக்ஸ்போர்ட்டிலிருந்து கிரேக்கர்கள், மில்லிக்கனிலிருந்து சீனப் பெடியன்கள், ஸ்காபரோவின் கிழக்குப் பக்கத்திலிருந்து ட்ரினிடாட்காரர்கள், சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து தமிழர் நாங்கள். மற்ற மூன்று அணிகளுக்கும் பக்கத்தில் ஒரு பூங்காவாவது இருந்தது. எங்களிடம் இருந்ததெல்லாம் கார் நிறுத்துமிடமும் கட்டடங்களின் நிழலும்தான். ஆகவே எல்லா ஆட்டத்துக்கும் நாங்களே விருந்தாளிகள். மட்டைகளையும் கையுறைகளையும் தூக்கிக்கொண்டு முதலில் சப்வே, பிறகு பஸ்.

லீக் தொடங்கியதற்குக் காரணம் ஒரு வேலைநிறுத்தம். நகரத்துப் பெரிய அணி இரண்டு வருடம் தொடர்ந்து கிண்ணம் வென்று, ஊரே பேஸ்போல் பைத்தியம் பிடித்துக் கிடந்தது. அடுத்த வருடம் ஓகஸ்டில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ரீவியில் பார்க்க ஒன்றுமில்லை. வெக்ஸ்போர்ட்டில் பேக்கரி வைத்திருந்த கிரேக்கர் ஒருவர், அவர்கள் விளையாடாவிட்டால் என்ன, நாங்கள் விளையாடுவோம் என்று சொல்லி, மாநகரசபையிடம் மைதானங்களுக்கு அனுமதி எடுத்து, அணிகளைத் தேடினார்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். பேஸ்போல் விதிகளை எவருக்கும் தமிழில் விளங்கப்படுத்துவேன் என்ற திமிர் எனக்கு இருந்தது. எங்கள் கட்டடத்து எலிவேற்றருக்குள் ஏறி இறங்கித்தான் ஆள் பிடித்தேன்.

"அண்ணை, ஊரிலை கிரிக்கெட் விளையாடினனீங்களோ?"

"ஓம். ஏன்?"

"அப்ப சனிக்கிழமை வாங்கோ."

"கிரிக்கெட்டோ?"

"கிட்டத்தட்ட."

அந்தக் 'கிட்டத்தட்ட' எங்களைப் படாத பாடு படுத்தியது. அடித்தால் ஓடியே ஆகவேண்டிய ஆட்டத்தில், பந்தை நிலத்தோடு அடித்துவிட்டு, ஓட விருப்பமில்லை என்று அசையாமல் நின்றவர்கள் எங்கள் ஆட்கள்தான். மட்டையோடு ஓடிப்போய், கால் வைக்கவேண்டிய பேஸில் அதை ஊன்றிவிட்டு, பெருமையாகத் திரும்பிப் பார்த்தவர்களும் எங்கள் ஆட்கள்தான். ஆனாலும் முதல் கோடையைத் தாண்டிவிட்டோம்.

இரண்டாவது கோடையில் பெரிய ஆட்டக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். சனம் மெல்ல மெல்ல ரீவிப் பக்கம் போனது. ஜூலையில் எங்கள் பிச்சருக்குச் சனிக்கிழமை வேலை கிடைத்தது. அதாவது, நடுவில் நின்று மட்டைக்காரனுக்குப் பந்தை விடுகிற ஆள் எங்களுக்கு இல்லை. அந்த ஆள் இல்லாமல் அணி இல்லை. பேக்கரிக்காரர் எனக்கு ரெலிபோன் எடுத்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் களைத்த குரலில் பேசினார். நீங்களும் விலகினால் மூன்று அணிகளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, மைதானங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், இந்தச் சனிக்கிழமை ஒழுங்கான பிச்சரோடு வரப் பாருங்கள் என்றார்.

அந்த வாரம் நான் எதையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கையுறை நாடாவைக் கடித்துக் கடித்து அதன் நுனி கூழாகிவிட்டது. கிழமை முழுக்க விரிவுரை மண்டபத்துக்குள் என் உடம்பு மட்டும்தான் இருந்தது. வேறு எங்கேயும் அரைகுறை ஆளாகத் திரிந்த எனக்கு, அந்த மைதானத்தில் மட்டும்தான் நான் சொன்னதைக் கேட்டு எட்டுப் பேர் நின்றார்கள். அதையும் இழக்கப்போகிறேன் என்ற பயம்.

எங்கள் அணியில் ஒரே ஒரு கை மிச்சம் இருந்தது. அது என் அத்தானின் கை. நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அத்தான் பகலில் மேசை கதிரை செய்யும் ஃபக்டரியில் வேலை. சனிக்கிழமைகளில் எங்களோடு வந்து வேலியோரமாக பீல்டிங்கில் நிற்பார். அங்கிருந்து பந்தை எறிந்தால் நேரே வந்து, மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருக்கும் கச்சரின் கையுறைக்குள் அடிக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம், அவர் சாப்பிடும்போது கேட்டேன்.

"அத்தான், நாளைக்கு நீங்கள் பிச்சரா நிண்டால் என்ன?"

"நிப்பன். ஆனா போடுவன். எறியமாட்டன்."

"அது எறியிற விளையாட்டு அத்தான்."

"பீல்டிங்கிலை எறியலாம். நிண்டு போடேக்கை எறிஞ்சால் அது களவு."

அடுப்படியிலிருந்து அக்கா சொன்னா: "உந்தக் கதையைத் தொடாதை. உவர் பிள்ளைக்குப் பேர் வைக்கேக்கையே, அந்த அம்பயரின்ரை பேரிலை ஓரெழுத்தும் வரக்கூடாதெண்டு பாத்தவர்."

அந்தக் கதை எனக்குத் தெரியும். கிரிக்கெட்டில் பந்து போடும்போது முழங்கையை மடக்கி நிமிர்த்தக் கூடாது. அப்படிச் செய்தால் போடவில்லை, எறிந்தாய் என்பார்கள். அது நோ போல். அத்தான் யாழ்ப்பாணத்தில் தன் கல்லூரியின் வேகப் பந்துவீச்சாளர். கடைசி வருடப் பெரிய ஆட்டத்தில், மட்டைக்காரனுக்குப் பக்கவாட்டில் நின்ற அம்பயர் கையை நீட்டி நோ போல் என்றார். திரும்பவும் நீட்டினார். திரும்பவும். மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் "எறியன், எறியன்" என்று கத்தினார்கள். அதற்குப் பிறகு கடைத்தெருவிலும் அதுதான் அவருடைய பேர். சண்டை வந்து, ஊர் விட்டு, நாடு விட்டு, கனடா வந்த பிறகும் அவர் ஒரு பந்துகூடப் போட்டதில்லை.

சனிக்கிழமை ட்ரினிடாட்காரர்களோடு ஆட்டம். அத்தான் நடுவில் போய் நின்றார். ஓடிவரவும் முடியாது, அங்கே கால் நிலத்தில் பதித்த பலகையில் இருக்கவேண்டும். நின்ற நிலையிலேயே கையை நேராகச் சுழற்றிப் போட்டார். பந்து சோர்ந்துபோய் ஒருமுறை தலைக்கு மேலால் போனது, ஒருமுறை நிலத்தில் குத்தி எழும்பியது. மட்டைக்காரர்கள் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். நாலு பந்து வெளியே போனால் அவர்கள் இலவசமாக முதலாம் பேஸுக்கு நடக்கலாம். புதியவர் வர, முன்னால் நின்றவர் அடுத்த பேஸுக்கு நகர, ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். கோயில் வீதியைச் சுற்றுகிறவர்கள் மாதிரி நிதானமாக நடந்து, ஒரு அடியும் அடிக்காமல் ஓட்டம் எடுத்தார்கள்.

வேலிக்கு அப்பால் பேக்கரிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். ஆட்டத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

நான் அத்தானிடம் போனேன். "அத்தான், இது இப்பிடியே போனால் வாற கிழமை விளையாட்டே இல்லை. லீக்கை மூடிப்போடுவினம்."

"தெரியும்."

"இஞ்சை கையை மடக்கினால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

"நீ போய் உன்ரை இடத்திலை நில்."

முதலாம் பேஸுக்குத் திரும்பி வந்து நின்றேன். அத்தான் பந்தைக் கையுறைக்குள் உருட்டினார். உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு கையை மடக்கி எறிந்தார்.

பந்தை நான் காணவில்லை. கச்சரின் கையுறைக்குள் அது அடித்த சத்தத்தைத்தான் கேட்டேன். பேஸ்போல் அம்பயர் "ஸ்ரைக்" என்றார்; பந்து சரி என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் விசிலடித்தார்கள்.

அதேநேரம் மூன்றாம் பேஸ் பக்கத்தில் மட்டை முறைக்குக் காத்திருப்போர் அமர்ந்திருந்த வாங்கிலிருந்து, ட்ரினிடாட் அணியின் தடித்த மனிதர் ஒருவர் கையைப் பக்கவாட்டில் நீட்டி, "நோ போல்" என்று கூவினார். அவர்களும் கிரிக்கெட் விளையாடி வளர்ந்தவர்கள். வாங்கு முழுக்கச் சிரித்தது. எங்கள் ஆட்களும் சிரித்துவிட்டார்கள். நல்ல பகிடிதான். ஆனால் அந்த வாங்கு இருந்த இடம், கிரிக்கெட்டாக இருந்தால் பக்கவாட்டு அம்பயர் நிற்கும் திசை. யாழ்ப்பாணத்தில் அந்தக் கை நீண்டதும் அதே திசையிலிருந்துதான்.

அத்தான் கையுறையைக் கழற்றி நிலத்தில் போட்டார்.

இனி அவர் நடந்து வெளியே போவார், பேக்கரிக்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழும்புவார், முடிந்தது. ஓடிப்போய்ப் பிடிக்கலாமா, பிடித்தால் இன்னும் மோசமாகுமா என்று யோசித்து யோசித்து நின்ற இடத்திலேயே நின்றேன்.

அந்தத் தடித்த மனிதர் அத்தானின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். சிரிப்பை நிறுத்தி எழும்பினார். கோட்டு விளிம்புவரை வந்தார். வலக்கையை இடது தோளிலும் இடக்கையை வலது தோளிலும் வைத்துக்கொண்டு நின்றார். கிரிக்கெட் அம்பயர் தான் காட்டிய சைகை பிழை, அதை எடுக்கவேண்டாம் என்று சொல்வது அப்படித்தான். பேஸ்போல் அம்பயருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லிக் கத்தினார்.

அத்தான் அந்த மனிதரைக் கனநேரம் பார்த்தார். பிறகு குனிந்து கையுறையை எடுத்தார்.

அதற்குப் பிறகு எல்லாப் பந்தையும் எறிந்தார். ஆனாலும் தோற்றோம். நடந்தே எடுத்த ஓட்டங்கள் அவர்களுக்குப் போதுமாக இருந்தன. பேக்கரிக்காரர் என்னிடம் வந்து, அடுத்த சனிக்கிழமை வருவீர்கள்தானே என்று கேட்டார். அத்தான் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். வருவோம் என்று சொன்னேன். எனக்கே நம்பிக்கையில்லை.

பஸ்ஸில் பின் இருக்கையில் இருவரும் இருந்தோம். அவர் முழங்கையைப் பொத்திப் பிடித்திருந்தார்.

"கை நோகுதோ அத்தான்?"

"இல்லை." பிறகு, "ஒண்டு சொல்லுறன், அக்காட்டைச் சொல்லாதை" என்றார்.

"சொல்லமாட்டன்."

"இண்டைக்கு எறியேக்கை, கைக்கு அது புதுசா இருக்கேல்லை."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "அண்டைக்கும் இப்பிடித்தான் இருந்தது. அந்த அம்பயர் மனுசன் சரியாத்தான் கையை நீட்டியிருக்குது."

இல்லை அத்தான் என்று சொல்ல எனக்கு ஒரு உரிமையும் இல்லை, நான் அந்த ஆட்டத்தைப் பார்த்தவனில்லை. ஓம் என்று சொன்னால் அவர் இனிப் பந்தைத் தொடமாட்டார் என்று பயந்தேன். பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று போனது. சப்வே வந்ததும் மட்டைப் பையை அவரே தூக்கினார்.

"வாற சனி ஆரோடை?"

"சீனப் பெடியளோடை. மில்லிக்கன்லை."

"அது சரியான தூரமெல்லே?"

"ஓம். பஸ் மாறிப் போகவேணும்."

"அப்ப கொஞ்சம் வெள்ளெனப் போவம்," என்றார். "எறிஞ்சு பழகவேணும்."